தெரு கேட்டு வந்தவர்கள்

அன்றைக்கு வண்டிக்கொட்டகைக்குப் பின்னால் இருந்தவர்கள்:

பச்சையம்மாள். கீழத்தெருவின் பின்சந்து அவளுடையது. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். அவளுக்கே சரியாகத் தெரியாது.

மருதாயி. இடது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. கூட்டம் கூடியதே அந்தக் கையால்தான்.

இளையபெருமாள். கடைத்தெரு. எதைச் சொன்னாலும் முதலில் வேண்டாம் என்பவர்.

மற்றச் சந்துகளைச் சுத்தம் செய்யும் பதினோரு பேர். அதில் எட்டுப் பேர் பெண்கள்.

கவுஸ். லப்பைக்குடிக்காட்டுக்காரர், தோல் மண்டியில் குமாஸ்தா. எழுதத் தெரிந்த ஆள் வேறு யாரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்பதால் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

குத்தகைக்காரரின் மேஸ்திரி குழந்தைவேல். இவனை யாரும் கூப்பிடவில்லை. பூவரச மரத்தில் சாய்ந்து பீடி குடித்தபடி, வந்திருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஐப்பசி மழை. அரியலூரில் எல்லா வீட்டுக்கும் பின்னால் ஒரு கக்கூஸ், அதற்குப் பின்னால் ஒரு சந்து, அந்தச் சந்தில் தலையில் மூங்கில் கூடையோடு ஒருத்தி. கூடைக்குள் சாம்பல் போட்டு மெழுகுவார்கள். வெயில் காலத்தில் அது தாங்கும். மழைக்காலத்தில் சாம்பல் கரைந்து கூடை ஒழுகும். ஒழுகுவது நெற்றி வழியாக இறங்கும். ஒரு கை கூடையைப் பிடித்திருக்கும், மறு கையில் தகரமும் துடைப்பமும் இருக்கும். துடைத்துக்கொள்ளக் கை இல்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு ஊருக்கு வெளியே உரக்குழி வரைக்கும் நடக்க வேண்டியதுதான்.

நாலு நாளைக்கு முன் மருதாயி வடக்குச் சந்தில் வழுக்கி விழுந்தாள். கூடை முழுக்க முகத்தில் கொட்டியது, கை ஒடிந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் ஒரு செம்பு தண்ணீர் கேட்டாள். வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். முதலில் சுவரைக் கழுவு என்றார். வெள்ளையடித்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். ஒடிந்த கையோடு, மழைத்தண்ணீரை முந்தானையில் நனைத்து நனைத்துச் சுவரைத் துடைத்துவிட்டுத்தான் வந்தாள். அந்த மாதச் சம்பளத்தில் அவளுக்கு ஒரு ரூபாய் அபராதமும் விழுந்தது.

அபராதம் போட்டவர் சிங்காரவேலு. அரியலூர், பெரம்பலூர் இரண்டு ஊரையும் சுத்தம் செய்யும் வேலையைக் குத்தகைக்கு எடுத்தவர். ஆளுக்கு மாதம் எட்டு ரூபாய். யுத்தத்துக்கு முன்னாலும் அதே எட்டு.

"எழுதுங்க பாய்," என்றாள் பச்சையம்மாள். "ஒண்ணு, கூடை வேணாம். இரும்பு வாளியும் தள்ளுவண்டியும் குடுக்கணும். ரெண்டு, சம்பளத்தை ஏத்தணும். மூணு, கை ஒடிஞ்சவளுக்கு அபராதம் போடக் கூடாது."

"மூணாவதை இன்னும் கொஞ்சம் மரியாதையா எழுதலாமா?" என்றார் கவுஸ்.

"கை மரியாதையா ஒடிஞ்சிருந்தா எழுதலாம்."

இளையபெருமாள் வேண்டாம் என்றார். நோட்டீஸ் கொடுக்காமல் வேலையை நிறுத்தினால் ஜெயில் என்று சட்டம் இருப்பதாகச் சொன்னார். பிறகு மருதாயியின் கையைப் பார்த்தார். மை டப்பாவைத் தம் பக்கம் இழுத்து முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தார். குழந்தைவேல் பீடியை மரத்தில் நசுக்கிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை பச்சையம்மாளும் இளையபெருமாளும் மனுவை எடுத்துக்கொண்டு சிங்காரவேலுவின் வீட்டுக்குப் போனார்கள். முன்வாசலுக்குப் போக முடியாது. பின்கட்டுக் கதவுக்கு வெளியே, சந்தில் நின்றார்கள். அவர் வாயில் வெற்றிலையோடு வந்தார்.

"கீழ வை."

"காத்துல பறந்துரும்ங்க."

"கல்லைத் தூக்கி மேல வை."

கல்லை வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. குழந்தைவேல் எடுத்துப் படித்துக் காட்டினான். தள்ளுவண்டி என்ற இடத்தில் சிரித்தார்.

"வண்டி வேணுமாம். நாளைக்கு மாடு கேப்பீங்க. ஏண்டி, எட்டு ரூவா மட்டுமா? வூட்டுக்கு வூடு சாயங்காலம் சோறு வாங்கித் திங்கிறீங்க இல்ல? அதுக்கு என்னா கணக்கு?"

"மிஞ்சின சோறுங்க அது."

"சோறு சோறுதான்."

"அப்ப அந்தச் சோத்தை நீங்க வாங்கிக்கிடுங்க. சம்பளத்தை எங்களுக்கு ஏத்திக் குடுங்க," என்றாள் பச்சையம்மாள்.

சிங்காரவேலு வெற்றிலையை அவள் காலடியில் துப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். அன்று மதியத்திலிருந்து பதினாலு பேரும் துடைப்பத்தைத் தொடவில்லை. சாயங்காலச் சோற்றுக்கும் போகவில்லை.

ஆறு நாள் போனது. ஊர் நாறியது. ஆறு நாளில் நாறுகிற அளவுக்குத்தான் அந்த ஊர் ஒவ்வொரு நாளும் இருந்தது. பதினாலு பேர் அதை மறைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். சேரியில் கஞ்சி இரண்டு வேளையிலிருந்து ஒரு வேளையானது. கவுஸ் மண்டியில் பேசி அரை மூட்டை சோளம் அனுப்பினார். வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிங்காரவேலுவின் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். ஏழாம் நாள் காலையில் பெரம்பலூரிலிருந்து கரியில் ஓடும் லாரி ஒன்று வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சந்து என்பது இந்த ஜனங்களுக்கு நிலம் மாதிரி. ஒருத்தியின் சந்தில் அவளைக் கேட்காமல் இன்னொருத்தி கால் வைக்க மாட்டாள். காய்ச்சலில் படுத்தால், சந்துக்காரி தன் துடைப்பத்தைத் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் மற்றவள் போகலாம். மீறிப் போனவள் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். மலம் அள்ளும் பாத்தியதையைச் சொத்து என்று நினைக்க வைத்த ஊர்கள் இவை. வேறு எந்தச் சொத்தும் இவர்களிடம் இருக்க விட்டதில்லை.

லாரியிலிருந்து பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். குழந்தைவேல் அவர்களைச் சந்துகளுக்குப் பிரித்து அனுப்பப் பார்த்தான். அவர்கள் காதில் வாங்காமல் நேராகச் சேரிக்கு நடந்தார்கள். துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். அடுத்தவர் சந்தில் இறங்கச் சம்மதம் கேட்டு, அதாவது தெரு கேட்டு வருகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

முன்னால் வந்தவன் சாமிதுரை. பச்சையம்மாளின் மருமகன். அவனுக்குப் பின்னால் இடுப்பில் கைக்குழந்தையோடு அவள் மகள் தைலாயி.

"வாங்க மாப்ள," என்றாள் பச்சையம்மாள். "ஊரை நாறடிச்சிட்டோம்னு பாக்க வந்தீங்களா?"

சாமிதுரை தலையைக் குனிந்துகொண்டான். "உங்களுக்கெல்லாம் காய்ச்சல்னு சொல்லிக் கூட்டியாந்தாங்க அத்தை. லாரி பாதி வழி தாண்டுறப்பதான் சமாச்சாரம் தெரிஞ்சது."

"தெரிஞ்சுமா எறங்கல?"

"எங்க எறங்குறது? எங்க குடிசைங்க குத்தகைக்காரரு எடத்துல இல்ல இருக்கு? வேலை பாக்காம திரும்பி வந்தீங்கன்னா குடிசை இருக்காதுன்னு சொல்லிட்டாரு."

பன்னிரண்டு பேரும் துடைப்பத்தைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். தெரு கேட்டார்கள். பச்சையம்மாள் இல்லை என்றாள். இளையபெருமாள் இல்லை என்றார். மருதாயி ஒடிந்த கையைத் தூக்கிக் காட்டினாள். பதினாலு பேரும் இல்லை என்று சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. முறைப்படி ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் பெரம்பலூர்க்காரர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள்.

தெரு கிடைக்கவில்லை, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று சாமிதுரை குழந்தைவேலிடம் சொன்னான். குழந்தைவேல் போய் சிங்காரவேலுவிடம் சொன்னான். சிங்காரவேலுவுக்கு முதலில் புரியவில்லை. பீ அள்ளுகிறதற்குப் பத்திரமா என்று கேட்டார். பிறகு குழந்தைவேல் நின்று யோசித்தான். அவன் இந்த ஜனங்களோடு பதினைந்து வருஷம் இருந்தவன். அவர்களுடைய கல்யாணங்களில் பந்தலுக்கு வெளியே கட்டில் போட்டு உட்கார்ந்து சாராயம் குடித்தவன்.

கல்யாணத்தில் தாய் தன் துடைப்பத்தில் பாதியைப் பிரித்து மகளுக்குக் கட்டிக் கொடுப்பாள். என் தெருவில் உனக்குப் பாதி என்று அர்த்தம். எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாலும், கேட்காமலே தாயின் சந்தில் மகள் கால் வைக்கலாம். பச்சையம்மாளிடம் கொடுக்க நகை இருக்கவில்லை. துடைப்பத்தைக் கொடுத்திருந்தாள்.

பொழுது உச்சிக்கு வரும் முன் குழந்தைவேல் சேரிக்கு வந்தான். பச்சையம்மாளைப் பார்க்கவில்லை. தைலாயியைப் பார்த்துப் பேசினான்.

"ஒரு சந்து. ஒரே ஒரு சந்து இன்னிக்குச் சுத்தமாவணும். எசமான் சொல்லிட்டாரு. கீழத்தெரு ஆயிருச்சுன்னா உங்க பன்னெண்டு பேரு குடிசையும் நிக்கும். இல்லேன்னா சாயங்காலம் பெரம்பலூருக்கு ஆளு போவுது. நீ போலாம் இல்ல? உனக்குத்தான் பாத்தியதை இருக்கே."

மற்றப் பெரம்பலூர்க்காரர்கள் பத்துப் பேரும் தைலாயியைப் பார்த்தார்கள். சாமிதுரையும் பார்த்தான். குழந்தைவேல் மிரட்டியதைவிட அந்தப் பார்வைதான் மோசம்.

தைலாயி குழந்தையை மருதாயியின் மடியில் விட்டாள். மருதாயி ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டாள்.

"போவாத," என்றாள் பச்சையம்மாள்.

"பெறவு எங்க போறது? சொல்லு."

"இங்க இரு."

"இங்க இருக்கிற நீயே சோளக் கஞ்சி குடிக்கிற. பன்னெண்டு வூட்டையும் தூக்கி உன் குடிசைல வச்சுக்குவியா? உனக்குத் தெரு இருக்கும்மா. எனக்கு வூடு வேணும்."

"உன் சந்து ஒண்ணு தெறந்தா நாளைக்குப் பதினாலும் தெறந்துரும்டி. மேஸ்திரி போய் இளையபெருமாளு மகளை இட்டாருவான், அப்பறம் இன்னொருத்தி மகளை. நாம குடுத்த வெளக்கமாத்தாலயே நம்மளை அடிப்பான்."

"நீதானே குடுத்த," என்றாள் தைலாயி. கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

கீழத்தெருச் சந்தில் இருபத்திரண்டு வீடு. ஒரு பக்கம் வாய், மறுபக்கம் சிங்காரவேலு வீட்டுப் பின்கட்டோடு முட்டி நின்றுவிடும். இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் கூடையோடு நடக்கலாம், அவ்வளவு அகலம்தான். தைலாயி கடைசி வீட்டிலிருந்து தொடங்கினாள். ஏழு நாள் சேர்ந்தது. மழை பிடித்துக்கொண்டது. முதல் கூடை நிறைந்து, தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

சந்தின் வாயில் பச்சையம்மாள் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள், அவர்களுக்குப் பின்னால் பெரம்பலூர்க்காரர்கள். குழந்தைவேல் ஓரமாகக் குடை பிடித்து நின்றான்.

தைலாயி பத்தடி தூரத்தில் நின்றாள். கூடை ஒழுக ஆரம்பித்திருந்தது.

"தள்ளும்மா."

"தள்ள மாட்டேன்."

"மேல படும்."

"படட்டும். என் மேல படாததா?"

"கூடையை எறக்க முடியாதும்மா. கழுத்து நோவுது."

"எறக்கச் சொல்லல. இந்தப் பக்கம் வழி இல்ல. வேற வழி இருந்தா பாத்துக்க."

பச்சையம்மாள் அதைக் கோபத்தில்தான் சொன்னாள். யோசித்துச் சொன்னதாகப் பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள், அது பொய். இடித்துத் தள்ளிவிட்டுப் போவாள், அல்லது கூடையைப் போட்டுவிட்டு அழுவாள், இரண்டில் ஒன்று என்றுதான் நினைத்திருந்தாள்.

தைலாயியின் நெற்றியில் வழிந்தது கண்ணுக்கு வந்துவிட்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துச் சந்தின் கோடியில் கதவு திறந்தது. சிங்காரவேலுவின் மனைவி சுந்தராம்பாள் மூக்கில் முந்தானையை வைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"என்னாடி இன்னும் நின்னு பேசிட்டிருக்க? ஏழு நாளா நாத்தம். சீக்கிரம் எடுத்துட்டுத் தொலைடி."

தைலாயி திரும்பினாள். திறந்த கதவைப் பார்த்தாள். அதற்குள் கிணற்றடி, கிணற்றடிக்கு அப்பால் சமையல்கட்டு, கூடம், அதையும் தாண்டி முன்வாசல் வெளிச்சம். நேர் கோடு. வேறு வழி அது ஒன்றுதான்.

நடந்தாள். சுந்தராம்பாள் கதவை விட்டு ஒதுங்கினாள். மேலே பட்டுவிடும் என்ற பயத்தில் ஒதுங்கினாள், அதனால்தான் வழி கிடைத்தது. கிணற்றடியைத் தாண்டினாள். சமையல்கட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் சாமி படங்கள், ஊஞ்சல், தரையில் சிவப்புச் சிமெண்டு. கூடையிலிருந்து சொட்டியது சொட்டியபடி இருந்தது. ஓடவில்லை. உரக்குழிக்கு நடக்கிற நடைதான். முன்வாசலில் கோலத்தின் மேல் கால் வைத்து இறங்கிக் கீழத்தெருவின் நடுவில் போனாள். அந்தத் தெருவின் முன்பக்கத்தை அவள் தாயும் தாயின் தாயும் பார்த்ததில்லை. வாசலில் நின்ற ஒன்றிரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள். முன்தெருவில் தலையில் கூடை வருவதைப் பார்த்து மாட்டுவண்டி ஒன்று ஒதுங்கி நின்றது. உரக்குழியில் கொட்டினாள். குளத்தில் தலை முழுகிவிட்டுச் சேரிக்கு வந்து குழந்தையை வாங்கிப் பால் கொடுக்க உட்கார்ந்தாள்.

"குடிசை போச்சு," என்றான் சாமிதுரை.

"போவட்டும். நீயும் பாத்துட்டுத்தானே இருந்த."

இளையபெருமாள் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெரம்பலூர்க்காரர்களும் சிரித்தார்கள். பிறகு தங்கள் துடைப்பங்களை எடுத்துக் கட்டி, லாரிக்குக் காத்திராமல், பெரம்பலூர் ரோட்டில் நடக்கத் தொடங்கினார்கள். குடிசைகளைப் பிரிக்க ஆள் வருவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று ஒருவன் சொன்னான். சாமிதுரை தங்கிவிட்டான்.

வெயில் தாழும் முன் ஹெட் கான்ஸ்டபிள் வந்தார். வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததாக சிங்காரவேலு எழுதிக் கொடுத்திருந்தார். சேரிப் பெண்கள் எல்லோரையும் சிங்காரவேலு வீட்டுப் பின்கட்டுக்கு வெளியே சந்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பச்சையம்மாளுக்குப் பக்கத்தில் தைலாயி நின்றாள்.

சுந்தராம்பாள் கதவுக்குள்ளிருந்து பார்த்தாள்.

"எவ வந்தான்னு காட்டுங்கம்மா," என்றார் ஹெட் கான்ஸ்டபிள்.

சுந்தராம்பாள் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"கூடை இருந்துச்சு," என்றாள்.

"கூடை சரிம்மா. ஆளு?"

"ஈரச் சீலை கட்டியிருந்தா. எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்குதுங்க."

பச்சையம்மாள் அந்தக் கதவுக்கு வெளியே பதினெட்டு வருஷமாகத் தினம் ஒரு தடவை நின்றவள். சாயங்காலச் சோற்றைச் சுந்தராம்பாள் கையிலிருந்துதான் வாங்கினாள், எட்டி நின்று, பானையை நீட்டி. பக்கத்தில் நின்றவளுக்கு வயது இருபது. இரண்டு பேரில் யார் என்று சுந்தராம்பாளால் சொல்ல முடியவில்லை. ஒரு தடவைகூட அவள் தன் முகத்தைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் பச்சையம்மாளுக்கு உறைத்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. கல்லை எடுத்து எறிய வேண்டும் போலிருந்தது. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"நான்தாங்க," என்றாள்.

தைலாயி திரும்பினாள். "யம்மா, நான்..."

"புள்ளை அழுவுது பாரு. போய்ப் பால் குடு."

"யம்மா."

"போடின்னா போ. உள்ள புள்ளைக்கு எடம் இல்ல."

குழந்தைவேல் வாயைத் திறந்தான். சந்தின் வாயில் குடை பிடித்து நின்று எல்லாவற்றையும் பார்த்தவன் அவன். சிங்காரவேலு அவனைப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான். சிங்காரவேலுவுக்கு எவள் நடந்தாள் என்பது முக்கியமில்லை. எவள் உள்ளே போகவேண்டும் என்பது தெரிந்திருந்தது.

"இவதான் சார். இவதான் எல்லாத்துக்கும் காரணம்," என்றார்.

"அதுல பொய் இல்லீங்க," என்றாள் பச்சையம்மாள்.

அவள் முன்னால் நடந்தாள். ஹெட் கான்ஸ்டபிள் நாலு முழம் தள்ளிப் பின்னால் வந்தார். கையைப் பிடிக்கவில்லை, தொடக்கூடாதே. இளையபெருமாள் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்தார். வண்டிக்கொட்டகை ஓரத்தில் மற்றவர்கள் நின்றார்கள். நாளைக்கு என்ன என்று ஒருத்தி கேட்டாள்.

"நாளைக்கும் இதேதான்," என்றாள் பச்சையம்மாள். "மருதாயியைக் கேட்டுக்கங்க. ஒத்தைக் கையி, ஆனா வாய் ஒடியல."

ஸ்டேஷனில் பெயர் எழுதினார்கள். ஊர், அப்பன் பெயர், தொழில். கைநாட்டு வைத்தாள். கவுஸ் வாசலில் வந்து நின்றார், வக்கீல் ஒருத்தரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். அவரை உள்ளே விடவில்லை.

லாக்கப் பின்பக்கம் இருந்தது. ஜன்னல் இல்லை. கான்ஸ்டபிள் கதவைத் திறந்துவிட்டு ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மூலையில் ஒரு வாளி இருந்தது. நிரம்பித் தரையில் வழிந்திருந்தது. ஏழு நாளாக யாரும் அதை எடுக்கவில்லை.

"இந்தா," என்றார் கான்ஸ்டபிள். "போனதும் முதல் வேலையா அதை எடுத்துக் கொட்டிட்டு எடத்தைக் கழுவிடு. தண்ணி தரச் சொல்றேன். அய்யாகிட்ட சொல்லி ராத்திரிக்குள்ள வூட்டுக்கு அனுப்பிடுவோம்."

பச்சையம்மாள் வாளியைப் பார்த்தாள். அது இரும்பு வாளி, கைப்பிடி வைத்தது. இப்படி ஒன்று இந்த ஊரில் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

"முடியாதுங்க," என்றாள். "வேலை நிறுத்தம்."

"நீதானே அதுல படுக்கணும்?"

"நான் படுத்துக்கிறேன். பக்கத்துல உக்காந்து நீங்கதான் சோறு திங்கணும்."

அவள் வாளிக்கு எதிர்ப்பக்கச் சுவரோரம், ஈரம் இல்லாத இடமாகத் தேடி, சீலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கான்ஸ்டபிள் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். சாவியை இரண்டு முறை திருப்பிப் பூட்டினார்.